கல்முனை மைதானத்தில் இறங்காத ஹெலிகொப்டர்

சென்ற மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து ஓர் இளம் அதிகாரி போன் எடுத்தார். விமானப்படையில் அரசாங்கப் பெரியவர்களை ஏற்றிப் பறப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. இப்போது அந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டதாம். பெரியவர்கள் றோட்டால் போகிறார்கள்; ஹெலிகொப்டர்கள் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பறக்கின்றன. பழையவை மறந்துபோகுமுன் பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போட எண்ணியிருக்கிறார்கள். யார் யாரை ஏற்றினீர்கள், அவர்கள் உள்ளே என்னென்ன கதைத்தார்கள், சில பக்கங்கள் எழுதித் தாருங்கள் என்று அந்தப் பிள்ளை மரியாதையாகக் கேட்டது.

அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஹெலிகொப்டருக்குள் காற்றாடியின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. உத்தியோக காலம் முழுவதும் நான் பார்த்தது வாய்கள் அசைவதைத்தான். நாட்டு ரகசியம் எல்லாம் என் காதுக்குள் இருக்கிறது என்று கல்முனைச் சந்தையில் இன்றைக்கும் சிலர் நம்புகிறார்கள். மீன் வாங்கப் போனால் அதற்காகவே ஒரு மரியாதை கிடைக்கும், நானும் அதைக் கெடுப்பதில்லை.

எனக்கு மிச்சமாய் இருப்பது கண்ணால் கண்டது. என் இடம் பக்கக் கதவோரம். மேலே போனதும் ஊர்களுக்குப் பேர் இல்லாமல் போய்விடும். காலையில் கிழக்குக் கரைக்கு வந்தால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இரண்டும் ஒரே பால் நிறம். நாவிதன்வெளிப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் கட்டிய நாட்களில் எங்கள் நிழல் வரம்பு வரம்பாகத் தாவி ஓடும். ஒவ்வொரு வயலிலும் ஒரு சூரியன் எரிந்து அணையும். விழித்துக்கொண்டே கனவு காண்பதற்குச் சம்பளம் தந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கல்முனைக்கு மேலே எத்தனையோ தடவை பறந்தும் என் வீட்டுக் கூரையை ஒருதரமாவது நான் கண்டுபிடித்ததில்லை. கூரைகள் அத்தனை நெருக்கம். சொந்த ஊட்டக் கண்டுபிடிக்கத் தெரியாதவரா மந்திரிமாரக் கூட்டிக்கொண்டு போற என்று பெஞ்சாதி கேட்பாள்.

கல்முனைப் பொடியன் ஒருவன் விமானப்படையில் சேர்ந்தது தனிக் கதை. சிங்களம் தெரியாமல் போனேன், ஏச்சு வாங்கி வாங்கியே சிங்களம் படித்தேன். முதலில் கண்ணாடி துடைத்தேன், பிறகு எண்ணெய் பார்த்தேன், கடைசியில் கதவைத் தந்தார்கள். ஹெலிகொப்டரின் பின்பகுதிக்கு நான் பொறுப்பு. ஆட்களை ஏற்றுவது, இறக்குவது, இருக்கைப் பட்டியைக் கட்டிவிடுவது, தரைக்கு வரும்போது கதவால் தலையை நீட்டி மரம் இல்லை, கம்பி இல்லை என்று விமானிக்குச் சொல்வது, இவ்வளவும் என் வேலை.

விமானியான எங்கள் கெப்டனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பேர் ஹெமின் சேர். சிங்களத்தில் ஹெமின் என்றால் மெதுவாக. மனுசனின் வாயில் எந்த நேரமும் அந்தச் சொல்தான். கதவை மூடும்போது ஹெமின், அமைச்சர் படியில் கால் வைக்கும்போது ஹெமின், சாப்பாட்டு மேசையில் யாராவது கறியை அள்ளினாலும் ஹெமின். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தாழும். அதனால் அவர் காதோடு வந்து கதைத்தால் செய்த வேலையை முதலிலிருந்து சரிபார்ப்போம். முன் கண்ணாடியை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார், தன் கைக்குட்டையால் தானே துடைப்பார்.

பறக்குமுன் அவர் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு பாரம்? பெரியவர்களைத் தராசில் ஏற்ற முடியாது. எடையைக் கேட்டால் ஆம்பிளைகளும் பொய் சொல்வார்கள். ஆகவே ஏறும்போது நான் கை கொடுப்பேன். அந்தக் கையில் விழும் பாரத்தை வைத்து ஆளை நிறுத்துவிடுவேன். பிறகு சாமான்கள். போன இடமெல்லாம் ஊரார் அன்பாகக் கொண்டுவந்து ஏற்றுவார்கள்: தயிர்ச் சட்டி, அரிசி மூடை, கருவாடு. ஒருமுறை ஓர் ஆட்டுக்கிடாயும் ஏறிவிட்டது. ஹெமின் சேர் திரும்பி அதை நெடுநேரம் பார்த்தார். இவர் இன்றைக்கு வருவதாக எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று மெதுவாகச் சொன்னார். கிடாய் இறங்கிப் போனது.

ஆசனங்களுக்கு வெள்ளை உறை போடுவதும் என் பொறுப்பு. முன்நோக்கி இருக்கும் யன்னலோர ஆசனம் பிரதம பிரமுகருடையது. அவர் வராத பயணத்திலும் அதில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியில்லை, ஆனால் அதை மீறியவரையும் நான் கண்டதில்லை.

எங்களோடு அடிக்கடி பறந்தவர்களில் ஓர் அமைச்சின் செயலாளர் இருந்தார். என் ஊர்க்காரர், நற்பிட்டிமுனைப் பக்கம். ஆனால் என்னோடு ஒருநாளும் தமிழில் கதைத்ததில்லை. இறங்கும்போது ‘தேங்க்யூ சார்ஜன்ட்’ என்பார், அவ்வளவுதான். நான் நீட்டும் கையிலும் பாரம் விழாது, விரல் நுனியால் தொட்டுவிட்டுத் தானே ஏறுவார். சொந்த அலுவலுக்கு யாரும் ஹெலிகொப்டர் கேட்கக் கூடாது என்று தன் அமைச்சுக்குச் சுற்றுநிருபம் எழுதியவரும் அவர்தான்.

வாப்பாவைப் போலத்தான் மவனும் என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய வாப்பா வட்டவிதானையார். நாவிதன்வெளி வயற்கண்டத்தில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து வாய்க்காலைத் திறந்துவிடுகிறவர். முஸ்லிம் வயல், தமிழர் வயல் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் விளைந்தன. முறை தப்பி ஒரு சொட்டும் கொடுக்கமாட்டார். சொந்த மச்சான் வந்து கெஞ்சியும் வாய்க்கால் பலகையைத் தூக்காத மனுசன் என்று அவரைப் பற்றிக் கதை இருந்தது. அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். அவர் இல்லாவிட்டால் வெட்டுக்குத்து நடந்திருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அது அறுவடை முடிந்த காலம். அமைச்சரையும் செயலாளரையும் வவுனியாவில் ஒரு கூட்டத்துக்கு இறக்கிவிட்டு நாங்கள் ஹெலிகொப்டரின் நிழலில் இருந்தோம். கல்முனையிலிருந்து என் மச்சான் போன் எடுத்தான், பெஞ்சாதியின் தம்பி.

“வட்டவிதானையார் மவுத்து. மவன்ட போன் வேல செய்யிதில்ல. வாப்பா சொல்லிப்போட்டுத்தான் போன, என்ட மவன்தான் எனக்குத் தொழுவிக்கணும் எண்டு. அசறுக்குப் பொறகு அடக்கம். எப்படியாவது ஆளுக்குச் சொல்லிருங்க மச்சான்.”

மய்யித்தை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது எங்கள் வழக்கம் இல்லை. எவ்வளவு பெரிய பிள்ளை எங்கே இருந்தாலும் மண் காத்திருக்காது. அது எனக்கு அனுபவத்தால் தெரியும். என் வாப்பாவை அடக்கியபோது நான் யாரோ ஒரு பிரமுகரோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே இருந்தேன். ஆகவே உடனே கூட்ட மண்டபத்துக்கு நடந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரோடு தமிழில் கதைத்தேன், காதோடு, இரண்டே வசனம்.

அவர் முன்னாலிருந்த கோப்பை மூடினார். இன்னாலில்லாஹி ஓதினார். அசறுக்கா என்று கேட்டார். றோட்டால் போனால் பின்னேரத் தொழுகையான அசறு அல்ல, இராத்தொழுகையான இஷாவும் தாண்டிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர்களையே தொழுது அடக்கச் சொல்லுங்கள், எனக்காக வைத்திருக்க வேண்டாம் என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பேனையை எடுத்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார், பை எங்கே என்று கைக்குத் தெரியவில்லை.

அமைச்சர் அதைக் கவனித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ஹெலிகொப்டரைக் கொண்டுபோங்கள், நான் இரவு இங்கேயே தங்குகிறேன் என்றார். செயலாளர் மறுத்தார். சுற்றுநிருபத்தை நினைவூட்டினார். அமைச்சர் சத்தமாய்ச் சிரிக்கிற ஆள், அன்று சிரிக்கவில்லை. “அது நான் ஹெலிகொப்டர் கேப்பேன் எண்டு பயந்து நீங்கள் எழுதினது. இப்ப நான் சொல்றேன், ஏறுங்கோ” என்று தன் உடைந்த தமிழில் சொன்னார். ஹெமின் சேர் மேலிடத்து அனுமதி எடுத்தார். நான் மச்சானுக்குப் போன் எடுத்து கல்முனை மைதானத்தில் நாங்கள் இறங்கச் செய்ய வேண்டியவற்றைச் சொன்னேன்: தூசி எழும்பாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், பறக்கக்கூடிய ஒன்றும் கிடக்கக் கூடாது, ஆட்கள் ஓரத்தில் நிற்க வேண்டும். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். மச்சான் ‘எல்லாம்’ என்று சொன்னால் நான் பயப்பட வேண்டும், அன்று பயப்பட நேரம் இருக்கவில்லை.

ஏறும்போது நான் கை கொடுத்தேன். அன்று அவருடைய முழுப் பாரமும் என் கையில் விழுந்தது.

உள்ளே அவர் ஒருவர்தான். யன்னலோர ஆசனத்தைக் காட்டினேன். தலையசைத்து மறுத்துவிட்டு, வழக்கமான தன் ஆசனத்திலேயே போய் இருந்தார். அது பின்நோக்கிய ஆசனம். ஊரை நோக்கிப் போகிற மனுசன் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போனார். கீழே காடு, காட்டுக்குள் ஒவ்வொரு குளமாகத் திறந்து மூடியது. பிறகு மட்டக்களப்பு வாவி வந்தது, அதன்மேல் ஒரு தோணி அசையாமல் கிடந்தது. வெயில் சாய்ந்து உள்ளே வந்து வெற்று ஆசனத்தின் வெள்ளை உறையில் விழுந்தது, நகர்ந்தது, திரும்பி வந்தது. எனக்கு எங்கே போகிறோம் என்பதே சற்று மறந்துவிட்டது. இப்படியே கடலுக்கு மேலால் போய்க்கொண்டே இருந்தால் யாருடைய வாப்பாவும் மவுத்தாகவில்லை என்று தோன்றியது.

கல்முனை தெரிந்ததும் கதவால் தலையை நீட்டினேன். மைதானம் நனைந்து கறுத்திருந்தது. ஒரு கடதாசி கிடையாது. அத்தனை சுத்தம். ஆனால் அதன் நடுவில், நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில், பச்சைப் போர்வை போர்த்திய சந்தூக்கு, மய்யித்துப் பெட்டி, இருந்தது. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக வெள்ளைத் தொப்பிகள்.

மகன் இறங்கி வீட்டுக்குப் போய், வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போய், வீணாக நேரம் போகும் என்று யோசித்திருக்கிறார்கள். இறங்கினதும் இறங்காததுமாகத் தொழுவிக்கட்டும் என்று வாப்பாவையே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் ஊராரின் அன்புக்கு எப்போதும் அவசரம்தான். சந்தூக்குக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஓராள் நிற்குமளவு இடம் விட்டிருந்தது. மேலேயிருந்து பார்க்க அந்த வெற்றிடம்தான் முதலில் கண்ணில் பட்டது.

ஹெமின் சேர் மெல்லத் தாழ்ந்து பார்த்தார். எங்கள் காற்று முதல் வரிசையைத் தொட்டதுதான் தாமதம், தொப்பிகள் பறந்தன, சந்தூக்கின் போர்வை ஒரு பக்கம் கிளம்பியது. நாலைந்து பேர் பாய்ந்து அதன்மேல் விழுந்து பிடித்தார்கள். சேர் உடனே மேலே இழுத்துவிட்டார். நான் கதவோரத்தில் நின்று, விலகுங்கள் விலகுங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினேன். மைதானம் முழுவதும் கையைத் தூக்கி எனக்கு ஸலாம் சொன்னது.

செயலாளர் எழுந்து வந்திருந்தார். அப்போதும் அந்த யன்னலோர ஆசனத்தில் இருக்கவில்லை. அதன் பக்கத்தில் முழங்காலில் நின்று, உறையில் கை படாமல், கண்ணாடியால் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனால் எல்லாவற்றையும் கலைத்துவிடுவோம், போகாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காதில் மாட்டியிருந்த கருவியில் சேரின் குரல் வந்தது, மிகவும் தாழ்ந்து. இவ்வளவு சனத்துக்கு மேல் நான் இறக்கமாட்டேன், சுற்றிக்கொண்டிருக்க எண்ணெயும் இல்லை. வயல்களைக் காட்டினேன். வெட்டிய வயலெல்லாம் வைக்கோல், அது கிளம்பி எஞ்சினுக்குள் போகும் என்றார். கொங்கிறீற் தரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒலுவில் துறைமுகம் என்றேன். தெற்கே திரும்பினோம். பின்னால் பார்த்தபோது தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

துறைமுகத்தில் எங்களை இறக்கிவிட்டு, நீயும் அவரோடு போ என்று என்னிடம் சொல்லிவிட்டு, சேர் எண்ணெய்க்காக அம்பாறைப் பக்கம் போனார். சத்தம் ஓய்ந்ததும் மச்சானுக்குப் போன் எடுத்தேன். நாங்கள் திரும்பிப் போய்விட்டோம் என்று மைதானத்தில் சனம் கலங்கிப்போயிருந்தது. பள்ளிவாசல் லெப்பை தொழுவிக்க முன்னுக்கு வந்துவிட்டாராம். பொழுதுபட்டு மஃரிபு வருமுன் மண் போடவேணும், இனி வைத்திருக்க ஏலாது என்கிறாராம். அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வாழ்நாளில் ஓர் ஆலிமிடம் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. வெயில் தென்னை வட்டுக்குக் கீழே இறங்கும்வரை பார்ப்பேன் என்றார்.

ஐஸ் ஏற்றிய மீன் லொறி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சாரதி ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் செயலாளர் இருந்தார். வெள்ளைச் சேட்டு, மடியில் கைகள். நிந்தவூர் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஒங்கட வாப்பா ஆரு?”

சொன்னேன். தெரியும் என்றார். “எங்கட வாப்பா ஒரு நாளும் ஒருத்தருக்கும் முறை தப்பிக் குடுத்ததில்ல. நான் முறை தப்பி ஹெலிகொப்டரில வந்திருக்கன். அவருக்கு முன்னால போய் எப்படி நிக்கிற?” என்றார்.

“காக்கா, முதல்ல போய்ச் சேருவம்” என்றேன். சேர் என்று சொல்ல அந்த நேரம் வாய் வரவில்லை, அண்ணன் என்கிற காக்காதான் வந்தது. அவர் தலையசைத்தார்.

மைதானத்தில் வரிசைகள் அப்படியே இருந்தன. சனம் குந்தியிருந்தது, ஆனால் இடத்தை விட்டு ஒருவரும் போயிருக்கவில்லை. லொறியைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். அவர் கை கால் முகம் கழுவி வுழூச் செய்து, முகம் திறக்கச் சொல்லி வாப்பாவைப் பார்த்தார். பிறகு அந்த வெற்றிடத்தில் போய் நின்று சனத்தைப் பார்த்துத் திரும்பினார். தொழுகைக்கு முன்னர் மய்யித்துக்காக மன்னிப்புக் கேட்பது பிள்ளையின் கடமை.

“எங்கட வாப்பா கனகாலம் ஒங்களுக்கெல்லாம் தண்ணிக்கு முறை வெச்சவர். அதில ஆருக்காவது அநியாயம் நடந்திருந்தா இப்பவே சொல்லுங்க. இல்லாட்டி அல்லாஹ்வுக்காக மன்னிச்சி ஹலாலாக்கிப்போடுங்க.”

ஹலால், ஹலால் என்று வரிசைகள் முணுமுணுத்தன. அப்போது வரிசைக்கு வெளியே, தமிழ் ஆட்கள் நின்ற ஓரத்திலிருந்து, வயதான ஒருவர் தோளில் கிடந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். திருநீறு வியர்வையில் கலைந்திருந்தது. நாவிதன்வெளித் தம்பிமுத்து என்று பேரைச் சொன்னார்.

“தம்பி, எனக்கு ஒண்டு சொல்லக் கிடக்கு. ஒரு வருசம் என்ட பயிர் கதிர் தள்ளுற நேரம் காஞ்சி போச்சி. தண்ணி கேட்டுப் போனன். முறை தப்பித் தர ஏலாது எண்டு ஏசி அனுப்பிப்போட்டார். மறுநாள் விடியப் போய்ப் பாத்தா என்ட வயலுக்குள்ள தண்ணி நிக்கிது. அவர்ர சொந்த முறைய எனக்குத் திருப்பி விட்டிருக்கார். அந்தப் போகம் அவர்ர வயல் பதராப் போச்சி. ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு சத்தியம் வாங்கினவர். இண்டைக்கு வரைக்கும் சொல்லல்ல. அவரப் போகவிட்டுப்போட்டு இனி ஆருக்கு ஒளிக்கிற?”

செயலாளர் அந்த மனுசனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சனத்துக்கு முன்னால், சின்னப் பிள்ளைபோல் அழுதார். லெப்பையும் அவசரப்படுத்தவில்லை. அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு மேற்கே திரும்பித் தக்பீர் கட்டினார். குரல் தெளிவாக இருந்தது. முதல் வரிசையில் என் சீருடையோடு நின்று நானும் தொழுதேன். என் வாப்பாவுக்குத் தொழாத தொழுகையும் அதற்குள் இருந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் சந்தூக்கைத் தூக்க உறவுக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். முன்பக்கம் மூத்த மகனுக்கு என்று விலகி நின்றார்கள். அவர் அங்கே போகாமல், ஓரத்துக்கு நடந்து போய், தம்பிமுத்துவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனுசன் தயங்கினார், நான் எப்படித் தம்பி என்றார். செயலாளர் முன்பக்கத்துப் பிடியை அவர் தோளில் தன் கையாலேயே வைத்துக் கொடுத்துவிட்டு, தான் பின்பக்கம் போனார்.